பிக்கப் வண்டியில் கூடுதல் விளக்கு: எங்கே பொருத்துவது?

சம்பா, தாளடி அறுவடை தொடங்கிவிட்டால் காரைக்கால் வட்டாரத்துச் சாலைகளுக்கு இரவு என்பதே இல்லை. அறுவடை இயந்திரம் எந்த நேரத்தில் நம் வயலுக்கு வருகிறதோ, அந்த நேரத்தில்தான் அறுவடை. அறுத்த நெல்லில் 20 சதவீதம் அளவுக்கு ஈரம் இருக்கும். அதை மூட்டையாகக் கட்டி வயலிலேயே விட்டால் உள்ளே சூடேறி நிறம் மாறும், பனியிலும் நனையும். கொள்முதலுக்கு 17 சதவீத ஈரப்பதம் வரைதான் ஏற்பார்கள். எனவே உலர்த்தும் களத்துக்கு உடனே கொண்டு போயாக வேண்டும். நடுநிசியானாலும் வண்டி புறப்பட்டே தீரும்.

முன்பு மாட்டு வண்டியும் டிராக்டர் டிரெய்லரும் செய்த இந்த வேலையில் பெரும் பகுதியை இன்று பிக்கப் வண்டிகளும், 2005-ஆம் ஆண்டு முதல் வந்த ‘குட்டி யானை’ போன்ற சிறு லோடு வண்டிகளும் செய்கின்றன. இவற்றில் கூடுதல் விளக்குகள் பொருத்தும் வழக்கமும் பரவியுள்ளது. கடையில் விளக்கைத் தேர்ந்தெடுக்க ஒரு மணி நேரம் செலவிடும் நம் உழவர்கள், அதைப் பொருத்தும் இடத்தைப் பெரும்பாலும் மெக்கானிக்கிடமே விட்டுவிடுகிறார்கள். விளக்கின் பயன் அதன் வாட் கணக்கில் பாதி என்றால், பொருத்தும் இடத்தில் மறுபாதி. தவறான இடத்தில் வைத்த நல்ல விளக்கு எதிரே வருபவரின் கண்ணைக் கட்டிவிடும்.

எந்த வேலைக்கு விளக்கு?

கூடுதல் விளக்கினால் நமக்கு மூன்று வேலைகள் ஆக வேண்டும். ஒன்று, நம் வண்டி பிறர் கண்ணில் பட வேண்டும். இரண்டு, ஓடும் வழி நமக்குத் தெரிய வேண்டும். மூன்று, நின்ற இடத்தில் மூட்டை ஏற்றி இறக்க வெளிச்சம் வேண்டும். மூன்று வேலைகளுக்கும் மூன்று இடங்கள். ஒரே விளக்கை மூன்றுக்கும் பயன்படுத்த நினைப்பதே பெரும்பாலான தொல்லைகளுக்குக் காரணம். கைப்பணம் குறைவாக இருப்பவர்கள் இதே வரிசையில் செலவு செய்தல் நலம்.

முதற்செலவு பின்புறத்துக்கு

காரைக்காலிலிருந்து கோட்டுச்சேரி வழியாகத் தரங்கம்பாடி நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், சுமையேற்றிய பிக்கப் மெதுவாகப் போகும். பின்னால் வரும் பேருந்தும் காரும் விரைந்து வரும். அந்த ஓட்டுநருக்கு நம் வண்டி தெரியாவிட்டால், நம் முன்விளக்கு எவ்வளவு ஒளிவீசினாலும் பயனில்லை.

வைக்கோல் ஏற்றினால் அது தொங்கிப் பின்விளக்கை மறைக்கும். வயலிலிருந்து ஏறிய சேறு காய்ந்து கண்ணாடியை மூடும். பின்கதவைத் திறந்து தொங்கவிட்டுப் போனாலும் சில வண்டிகளில் விளக்கு மறைந்துவிடும். ஆகவே பின்புறச் சட்டத்தின் இரு ஓரங்களிலும், சுமை மறைக்காத உயரத்தில், இரண்டு சிறிய சிவப்பு விளக்குகளைப் பொருத்தலாம். வண்டியின் சொந்தப் பின்விளக்கு எரியும்போது இவையும் எரியுமாறு இணைக்க வேண்டும். இரண்டும் வண்டியின் முழு அகலத்தைக் காட்டும்படி ஓரத்தில் இருத்தல் அவசியம். நடுவில் ஒற்றை விளக்கு மட்டும் தெரிந்தால், பின்னால் வருபவர் மோட்டார் சைக்கிள் என்று எண்ணிவிடுவார்.

இவற்றோடு ஒளிதிருப்பும் பட்டையையும் ஒட்ட வேண்டும். முன்னால் வெள்ளை, பக்கங்களில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்பது முறை. பேட்டரி செத்து வண்டி சாலையோரம் நின்றுபோனாலும் இப்பட்டை தன் வேலையைச் செய்யும். வாரம் ஒரு முறை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

முன்புறத்தில் தாழ்வான இடமே நல்லது

இரவில் வரப்பின் மேல் நடக்கும்போது டார்ச் விளக்கை நெற்றிக்கு நேரே பிடித்தால், தரை முழுவதும் சமமாக இருப்பது போலத் தோன்றும். அதையே இடுப்புக்குக் கீழே தாழ்த்திப் பிடித்தால் சிறு கட்டிக்கும் நிழல் நீளும். பள்ளம் கறுப்பாகத் தெரியும். கண்ணுக்கு அருகிலிருந்து ஒளி போனால் நிழல் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. தாழ்விலிருந்து போனால் நிழல் நம் கண்ணுக்குப் படுகிறது. வாய்க்கால் கரையில் மழை அரித்த பள்ளத்தைக் காட்டிக்கொடுப்பது இந்த நிழல்தான்.

மார்கழி, தை மாதப் பனிமூட்டத்துக்கும் இதுவே பொருந்தும். பனித் திவலைகள் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. விளக்கு கண்மட்டத்துக்கு அருகில் இருந்தால், திரும்பி வரும் ஒளி வெள்ளைச் சுவர்போல் எதிரே நிற்கும். தாழ்வாக, அகன்று பரவும் கதிர் தரையை ஒட்டிப் போவதால் சாலையின் ஓரம் தெரியும். மஞ்சள் விளக்கா வெள்ளை விளக்கா என்று பலர் கேட்பதுண்டு. நிறத்தைவிட இடமும் கதிரின் வடிவமுமே முக்கியம்.

அதற்காக பம்பருக்கு அடியில் தொங்கவிடவும் கூடாது. வயலில் இறங்கும்போது வரப்பில் இடித்து உடையும். பம்பரின் முகப்பிலேயே, தரையிலிருந்து 50 முதல் 70 செ.மீ. உயரத்தில், இரு ஓரங்களுக்கும் சம தூரத்தில் பொருத்துவது ஏற்றது. ரேடியேட்டரின் காற்று வழியை விளக்கு அடைத்தால், சுமையோடு ஓடும் எஞ்சின் சூடாகும். நம்பர் பலகையையும் திருப்பக் காட்டியையும் மறைத்தல் ஆகாது. கூடுதலாக இரும்புக் கம்பித் தடுப்பு வாங்கி அதில் விளக்கு மாட்டும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். அனுமதியின்றிப் பொருத்தும் இத்தகைய தடுப்புகள் மீது நடவடிக்கை எடுக்குமாறு மத்திய அரசு 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியுள்ளது.

கூரை மேல் விளக்கு

உயரத்தில் வைத்தால் தொலைவு தெரியும் என்பது உண்மையே. ஆனால் இந்தக் கணக்கைப் பாருங்கள். 60 செ.மீ. உயரத்தில் உள்ள விளக்கை, ஒரு மீட்டருக்கு ஒரு செ.மீ. தாழும்படி சாய்த்தால், கதிரின் மேல் விளிம்பு 60 மீட்டரில் தரையைத் தொடும். 25 மீட்டர் தொலைவில் அது 35 செ.மீ. உயரத்தில், அதாவது எதிரே மொபெட்டில் வருபவரின் முழங்காலுக்குக் கீழே இருக்கும். அதே சாய்வில் 190 செ.மீ. உயரக் கூரையில் வைத்தால், அதே 25 மீட்டரில் மேல் விளிம்பு 165 செ.மீ. உயரத்தில் இருக்கும். அவர் முகம் முழுவதும் ஒளியில் மூழ்கும். குறுகிய வாய்க்கால் பாலத்தில் சில விநாடிகள் கண் தெரியாமல் போனால் என்ன நேரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே கூரை விளக்கு வயலுக்கும் களத்துக்கும் மட்டுமே. சாலை ஏறும் முன் அதை அணைத்து உறை போட்டு மூடிவிட வேண்டும்.

சுமையேற்றும் விளக்கு

கேபினின் பின்புறத் தடுப்புச் சட்டத்தின் மேல் மூலைகள் இரண்டிலும் சிறிய எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தி, வண்டித் தளத்தை நோக்கிக் கீழே சாய்க்கலாம். ஒரே விளக்கானால் மூட்டை தூக்குபவரின் நிழலே அவர் காலடியை மறைக்கும். இரு மூலைகளிலிருந்து ஒளி வந்தால் நிழல் மெலியும். காலிடறி விழுவது குறையும்.

இவ்விளக்குக்குத் தனி சுவிட்சும், அது எரிவதை ஓட்டுநருக்குக் காட்டும் சிறு சிவப்புப் புள்ளி விளக்கும் வேண்டும். மறதியாக எரியவிட்டுச் சாலையில் போனால், பின்னால் வருபவர் வெள்ளை ஒளியைக் கண்டு வண்டி எதிரே வருவதாக நினைத்துத் தடுமாறுவார்.

சட்டம் சொல்வது

1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. முன்விளக்கின் ஒளி, 8 மீட்டர் தொலைவில், விளக்கின் வலப்புறம் அரை மீட்டர் தள்ளி, 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணைக் கூசச் செய்தல் கூடாது. ஓடும் வண்டி முன்னால் சிவப்பு ஒளி காட்டக் கூடாது; பின்னோக்கிச் செல்லும் விளக்கு போன்ற சில விலக்குகள் நீங்கலாகப் பின்னால் சிவப்பு தவிர வேறு ஒளியும் காட்டக் கூடாது. குவிந்த கதிர் வீசும் தேடுவிளக்கை, பதிவு அதிகாரியின் ஒப்புதல் இன்றி முன்புறம் பொருத்தலாகாது. ஐயம் இருந்தால் துளை போடுமுன் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது செலவை மிச்சப்படுத்தும்.

கம்பியும் கடற்காற்றும்

55 வாட் ஹாலஜன் விளக்குகள் இரண்டு, 12 வோல்ட்டில் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். ஒரு சதுர மி.மீ. மெல்லிய கம்பியை 4 மீட்டர் இழுத்தால், போகும் வழியிலேயே 0.6 வோல்ட் அளவுக்கு இழப்பு ஏற்படும். மின்னழுத்தம் 5 சதவீதம் குறைந்தாலே ஹாலஜனின் ஒளி 15 சதவீதம் போலக் குறைந்துவிடும். 2.5 சதுர மி.மீ. கம்பி போடுங்கள். பேட்டரிக்கு அருகிலேயே 15 ஆம்பியர் பியூஸும், சுவிட்சுக்குச் சுமை ஏறாதபடி ரிலேயும் வைக்க வேண்டும். பியூஸ் இல்லாத கம்பி வைக்கோல் வண்டியில் நெருப்புக்குச் சமம்.

கோட்டுச்சேரிமேடு, கிளிஞ்சல்மேடு போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று இரும்பை விரைவில் தின்றுவிடும். துருவேறிய உடல் தகட்டில் எர்த் கொடுத்தால் விளக்கு மங்கி மினுக்கும். எர்த் கம்பியைத் தனியே பேட்டரி வரை கொண்டு செல்லுங்கள். துருப்பிடிக்காத எஃகுப் போல்ட்டும், இணைப்புகளின் மேல் பெட்ரோலியம் ஜெல்லிப் பூச்சும், கம்பி தகட்டைக் கடக்கும் துளையில் ரப்பர் வளையமும் வேண்டும். போட்ட துளையின் ஓரத்துக்கும் உடனே பெயின்ட் பூசிவிட வேண்டும்.

துளையிடும் முன் சோதனை

விதைக்கும் முன் முளைப்புத் திறன் பார்ப்பது போல, துளையிடும் முன் விளக்கைத் தற்காலிகமாகக் கட்டிப் பாருங்கள். வழக்கமான சுமையை ஏற்றிக்கொண்டே சோதிக்க வேண்டும். சக்கர அச்சுகளுக்கு இடையே 3 மீட்டர் உள்ள வண்டியில், சுமையினால் முன்புறத்தைவிடப் பின்புறம் 9 செ.மீ. கூடுதலாகத் தாழ்ந்தால், முன்கதிர் மீட்டருக்கு 3 செ.மீ. மேல் நோக்கி எழும்பும். வெறும் வண்டியில் ஒழுங்காகச் சாய்த்த விளக்கு, மூட்டை ஏறியதும் எதிரே வருபவரின் கண்ணைத் தேடிப் போவது இதனால்தான்.

இருட்டிய பின் சமதளக் களத்தில் வண்டியை நிறுத்தி, ஒருவரை 8 மீட்டர் தொலைவில் சற்று வலப்புறமாக மொபெட்டில் உட்காரச் செய்யுங்கள். அவருக்குக் கண் கூசினால் விளக்கைத் தாழ்த்துங்கள். பிறகு ஓட்டுநர் இறங்கி, வண்டிக்குப் பின்னால் நூறு மீட்டர் நடந்து போய்த் திரும்பிப் பார்க்க வேண்டும். அங்கிருந்து வண்டியின் இரு ஓரங்களும் தெரிகின்றனவா? தெரிந்தால் மட்டுமே துளை போடலாம்.

நினைவில் கொள்ள

1. முதலில் பின்புறச் சிவப்பு விளக்கும் ஒளிதிருப்பும் பட்டையும்; பிறகே முன்விளக்கு.
2. முன்விளக்கு பம்பர் மட்டத்தில், 50 முதல் 70 செ.மீ. உயரத்தில்.
3. கூரை விளக்கும் தள விளக்கும் நின்ற வண்டிக்கு மட்டும்.
4. பியூஸ், ரிலே, தனி எர்த் இன்றி இணைப்பு வேண்டாம்.
5. சாய்வைச் சுமையோடு சரிபார்க்கவும். அறுவடைப் பருவம் தொடங்குமுன் ஆண்டுதோறும் மீண்டும் ஒரு முறை பார்க்கவும்.

ஆறு மாதம் பாடுபட்டு விளைவித்த நெல் களம் சேர வேண்டும். அதைக் கொண்டு செல்பவரும் எதிரே வருபவரும் பத்திரமாக வீடு சேர வேண்டும். விளக்கின் இடத்தைத் தீர்மானிக்கும்போது இருவர் கண்ணையும் எண்ணிப் பார்த்தல் உழவர்களின் கடமையாகும்.