எழுத மறுக்கும் சிடி

கொல்கத்தாவில் சாந்தினி சௌக் என்ற கடைத்தெரு உண்டு. அங்கே புதிய கம்ப்யூட்டரும் கிடைக்கும். பழைய கம்ப்யூட்டரும் கிடைக்கும். பழையதை வாங்குவோர் முதலில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பழுது நீக்கும் சிடி ஒன்றைச் செய்து வைக்க வேண்டும். கம்ப்யூட்டர் ஒரு நாள் திறக்க மறுத்தால், இந்த சிடியைப் போட்டு அதைத் திறந்து சரிசெய்து பார்க்கலாம்.

2009-இல் வந்த விண்டோஸ் 7-இலேயே இதைச் செய்யும் வசதி உண்டு. விண்டோஸ் 10-இலும் உண்டு. கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்போதே செய்துவிடுங்கள். அது படுத்த பிறகு பக்கத்து வீட்டுக்கு ஓட வேண்டியிருக்கும்.

சில நேரம் சிடி உருவாகாது. "முடியவில்லை" என்று திரை சொல்லும். பயப்படாதீர்கள். சிடியை எடுத்துப் பாருங்கள். பாட்டு ஏற்றிய சிடியா? உதவாது. எதுவும் எழுதாத சிடி வேண்டும். கீறல் இருந்தால் வேறு போடுங்கள். மிக மலிவான சிடியை நம்ப வேண்டாம்.

சிடி நல்லதுதானா? அப்படியானால் டிரைவைப் பாருங்கள். சில பழைய டிரைவுகள் படிக்கும்; எழுதாது. மனிதர் எந்த வயதிலும் எழுதப் பழகலாம். டிரைவுக்கு அது முடியாது. எழுதும் டிரைவையே மாட்ட வேண்டும்.

விண்டோஸில் 32 பிட், 64 பிட் என்று இரண்டு வகை. ஒரு வகைக்குச் செய்த சிடி மற்றதைச் சரிசெய்யாது.

மகளிர் குழுவின் கணக்கு கம்ப்யூட்டரில் இருக்கிறதா? அது இந்த சிடியில் ஏறாது. அதைத் தனியாகப் பென்டிரைவில் எடுத்து வையுங்கள்.

சிடி தயாரானதும் அதைப் போட்டு கம்ப்யூட்டரை ஒரு முறை திறந்து பாருங்கள். திறந்தால் சிடியின் மேல் தேதியையும், 32 அல்லது 64 என்பதையும் எழுதி வையுங்கள்.