வயலட் ஜெசப்புக்கு ஆயுசு கெட்டியா?

மூன்று பெருங்கப்பல்கள் மூழ்கின, மூன்றிலும் இந்தப் பணிப்பெண் பிழைத்தார், அவருக்கு ஆயுசு கெட்டி. வயலட் ஜெசப்பைப் பற்றி இப்படித்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். கணக்கே தவறு. மூழ்கியவை இரண்டுதான். ஒலிம்பிக் 1911 செப்டம்பர் 20 அன்று ஹாக் என்ற போர்க்கப்பலோடு மோதி, விலாவில் ஓட்டை விழுந்த பிறகும் சொந்த விசையிலேயே சவுத்தாம்ப்டன் திரும்பியது. ஒருவரும் சாகவில்லை, 1935 வரை அது ஓடியது. 1912இல் டைட்டானிக்கும் 1916இல் பிரிட்டானிக்கும்தான் கடலடிக்குப் போயின.

மூன்றிலும் ஒரே ஆள் இருந்ததே விதியின் வேலைதானே என்று கேட்கலாம். மூன்றும் ஒயிட் ஸ்டார் நிறுவனத்துக்காக பெல்ஃபாஸ்டில் கட்டப்பட்ட சகோதரக் கப்பல்கள். ஊழியர்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவது சாதாரணம். டைட்டானிக்கில் கரி அள்ளிப்போட்ட ஆர்தர் ஜான் பிரீஸ்ட், கண்காணிப்புப் பணியில் இருந்த ஆர்ச்சி ஜூவல் இருவரும் பிரிட்டானிக்கிலும் இருந்தார்கள், இரண்டிலும் பிழைத்தார்கள். ஜூவல் 1917இல் டோனிகல் கப்பல் தாக்கப்பட்டபோது இறந்துபோனார். அதனால் அவருடைய ஆயுசைப் பற்றி யாரும் பேசுவதில்லை. டைட்டானிக்கில் ஜெசப் பிழைத்ததற்கான விடை பிரிட்டிஷ் விசாரணைக் கணக்கிலேயே இருக்கிறது: ஆண் ஊழியர் 885 பேரில் தப்பியவர்கள் 192 பேர், பெண் ஊழியர் 23 பேரில் 20 பேர். பெண்களை முதலில் ஏற்றச் சொன்ன ஆணைதான் அவரை 16ஆம் எண் படகில் உட்காரவைத்தது. அவரோடு அதே கப்பலில் வேலை பார்த்த ஆண்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

பிரிட்டானிக் கதை வேறு. ஏஜியன் கடலில் கண்ணிவெடியில் சிக்கிய அந்த மருத்துவக் கப்பல் 55 நிமிடத்தில் மூழ்கியது; ஆயிரம் பேருக்கு மேல் தப்பினார்கள், இறந்தவர்கள் 30 பேர். உத்தரவில்லாமல் இறக்கிய இரண்டு படகுகளை, சுழன்றுகொண்டிருந்த புரோப்பல்லர் இழுத்துக்கொண்டதால் மாண்டவர்களே அதில் அதிகம். அப்படியொரு படகில்தான் ஜெசப் இருந்தார். கடலில் குதித்தார், கப்பலின் அடிப்பாகம் தலையில் மோதி மண்டையோட்டில் விரிசல் விழுந்தது. அது எலும்புமுறிவு என்பதே பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவந்தது. தற்செயலுக்கு இங்கே பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் குதிப்பதென்று முடிவெடுத்தது அவர். அதை அதிர்ஷ்டத்தின் கணக்கில் எழுதுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

இத்தனைக்குப் பிறகும் கடலுக்குத் திரும்பியதைச் சாகச மோகம் என்கிறார்கள். அப்பா இறந்துவிட்டார், கப்பலில் பணிப்பெண்ணாக உழைத்துக் குடும்பத்தைக் காத்த அம்மாவும் நோயில் விழுந்தார், தம்பி தங்கைகளுக்காக மூத்த மகள் 1908இல் வேலையில் சேர்ந்தார். கப்பல் மூழ்கினால் அந்தக் கணமே மாலுமியின் சம்பளமும் நின்றுபோகும் காலம் அது. கப்பல் இழந்தவருக்கு இரண்டு மாதம் வரை ஈடு தரவேண்டும் என்ற சர்வதேச உடன்படிக்கை 1920இல்தான் ஜெனோவாவில் பிறந்தது. பிழைத்து வந்தவருக்கு அடுத்த வேலை உடனே வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நடுவில் சில இடைவெளிகளோடு 1950 வரை அவர் கப்பல்களில் வேலை பார்த்தார். அந்த 42 ஆண்டுகளில் இரண்டு கப்பல்களும் மூழ்க எடுத்துக்கொண்ட நேரம் மொத்தமாகக் கூட்டினாலும் நான்கு மணி நேரத்துக்குள் அடங்கும். மற்ற நாட்களெல்லாம் படுக்கை விரிப்பதிலும், தட்டேந்துவதிலும், கடல்நோயில் கிடந்த பயணிகளைப் பார்த்துக்கொள்வதிலும் போயின.