துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் ஒரே தூரம்தான்

சென்னை கல்மண்டபத்தில் எங்கள் தெருப் பையன்கள் இருவர் ஒரே வாரத்தில் கப்பலில் சேரக் கிளம்பினார்கள். ஒருவனுக்குத் துபாய், மற்றவனுக்குச் சிங்கப்பூர். இரண்டு விமான டிக்கெட்டிலும் புறப்பாடு காலை 10 மணி. துபாயில் இறங்குவது பகல் 12.45, சிங்கப்பூரில் மாலை 4.50. "துபாய் எவ்வளவு பக்கம் பாரு!" என்றார் ஒரு அம்மா. உண்மையில் சென்னையிலிருந்து இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம், சுமார் 2,920 கிலோமீட்டர்.

தூரத்திலிருந்து தொடங்குங்கள். சுவரில் தொங்கும் உலகப்படத்தில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். பூமி உருண்டை, படம் தட்டை. பூகோள உருண்டை கிடைத்தால் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். விமானம் ஏறத்தாழ அந்த நூல் வழியில்தான் போகும். அந்த நூலை அப்படியே நிலநடுக்கோட்டின் மேல் வைத்து, எத்தனை டிகிரி பிடிக்கிறது என்று எண்ணுங்கள். ஒரு டிகிரிக்கு 60 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். காசிமேட்டு விசைப்படகுக்காரர்கள் ஜிபிஎஸ்ஸில் தினமும் பார்க்கிற அதே மைல்தான். சிங்கப்பூருக்கு 26 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே வரும், ஏறத்தாழ 1,580 கடல் மைல். 15 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 15 கடல் மைல் போகும் கப்பலுக்கு நாலு நாளுக்கு மேல் ஆகும்.

விமானத்துக்கு, கிலோமீட்டரை 850ஆல் வகுத்து, ஏறி இறங்க முக்கால் மணி சேருங்கள். நாலேகால் மணி நேரம் வரும். லண்டன் சுமார் 8,230 கிலோமீட்டர். கணக்குப்படி பத்தரை மணி. மேற்கே போகையில் வடக்கு வானில் எதிர்க்காற்று அடிப்பதால் இன்னும் கொஞ்சம் கூடலாம். திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும்.

இனி, பலரும் தடுக்கி விழும் இடம். டிக்கெட்டில் அச்சிட்ட நேரம் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் நேரம். துபாய் நமக்கு ஒன்றரை மணி பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால். இறங்கும் நேரத்தை முதலில் நம் நேரத்துக்கு மாற்றுங்கள், பிறகு கழியுங்கள். 12.45 நமக்குப் பிற்பகல் 2.15, மாலை 4.50 நமக்கு 2.20. இரண்டு பயணத்துக்கும் இடையே ஐந்தே நிமிடம்தான் வித்தியாசம். நடுவில் விமானம் மாறினாலும் இதே கணக்குத்தான்.

ஆனால் வீட்டுக் கணக்கு வேறு. வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும் நம் பக்கத்துச் சாலையை நம்பாதீர்கள். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மாறாமல் விமான நிலையத்திலேயே இறங்கலாம். வீட்டிலிருந்து ஒன்றேகால் மணி வையுங்கள். அந்தப் பக்கம் குடியேற்றச் சோதனைக்கும் பெட்டி வருவதற்கும் ஒரு மணி. நாலேகால் மணிப் பறத்தல் ஒன்பதரை மணிப் பயணமாகிவிடும்.

நள்ளிரவுக்குப் பின் கிளம்பும் விமானம் என்றால் தேதியை இரண்டு முறை படியுங்கள். 15ஆம் தேதி 2.30 மணி என்று போட்டிருந்தால், 14ஆம் தேதி இரவுச் சாப்பாடு முடிந்து பத்து மணிக்கெல்லாம் பெட்டியோடு வாசலில் நிற்க வேண்டும். இரவு 11 மணிக்கு மேல் மெட்ரோ கிடைக்காது.