புதிதாக சூப்பர்வைசர் ஆன பிள்ளைகளுக்கு

திருவொற்றியூர், எண்ணூர், மணலி பக்கம் ஏதோ ஒரு கம்பெனியில் இந்த மாதம்தான் ஷிப்ட் சூப்பர்வைசர் என்று ஆர்டர் வாங்கியிருப்பீர்கள். உங்கள் அப்பா வயதுள்ள ஃபிட்டர் உங்களை ‘சார்’ என்று கூப்பிடுவார். அந்த மரியாதை ஆர்டருக்குக் கிடைப்பது. உங்களுக்கென்று கிடைக்க வேண்டியதை இனிமேல்தான் சம்பாதிக்க வேண்டும். இந்தப் பகுதியிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சில விஷயங்களைச் சொல்கிறேன்.

1. பதவி எதைத் தரும், எதைத் தராது என்று முதலில் கணக்குப் பாருங்கள். 1959-ல் ஜான் ஃப்ரெஞ்ச், பெர்ட்ரம் ரேவன் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒருவர் சொல்லை இன்னொருவர் ஏன் கேட்கிறார் என்பதை ஐந்தாகப் பிரித்தார்கள்: தண்டிக்க முடியும், கொடுக்க முடியும், உத்தரவிடும் உரிமை உண்டு, வேலை தெரியும், ஆளைப் பிடிக்கும். மெமோ முதல் வகை. ஓ.டி.யும் லீவும் இரண்டாவது. உங்கள் ஆர்டர் மூன்றாவது. இந்த மூன்றையும் கம்பெனி கொடுத்தது, கம்பெனியே திரும்ப வாங்கிக்கொள்ளும். கடைசி இரண்டையும் எந்த ஹெச்.ஆர். ஆபீசும் தர முடியாது.

2. முதல் வாரம் உத்தரவு போடாதீர்கள். மெஷின் நின்றால் எல்லாரும் யாரைத் தேடி ஓடுகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். அந்த ஆளின் பெயர் உங்கள் ஆபீஸ் சார்ட்டில் மேல் வரிசையில் இருக்காது. நான் பார்த்த ஒருவர், கிரேன் கியர்பாக்ஸ் பக்கம் போனால் பாக்கெட்டிலிருந்து நீள ஸ்க்ரூ டிரைவரை எடுப்பார். நுனியைப் பேரிங் ஹவுசிங்கில் ஊன்றி, பிடியைக் காதோரம் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். சுற்றி நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். “இன்னிக்கி தாங்கும். நாளைக்கி ஓட்டாதீங்க” என்பார். மேனேஜர் உட்பட யாரும் மறுத்துப் பேசியதில்லை. அவர் கிரேடு கடைசி வரைக்கும் ஃபிட்டர்தான். அப்படிப்பட்டவரிடம் போய், “அண்ணே, எனக்கும் அந்தச் சத்தத்தைக் காட்டுங்க” என்று கேளுங்கள். கேட்டால் உங்கள் பதவி குறையாது. கேட்காமல் தெரிந்த மாதிரி தலையாட்டினால் மதியச் சாப்பாட்டுக்குள் கேன்டீன் முழுக்கத் தெரிந்துவிடும்.

3. உத்தரவு கீழ்நோக்கி மட்டும்தான் போகும். வேலை தெரிந்த, நாணயமான ஆளின் சொல் மேலேயும் போகும். இதற்கு நம் சென்னைத் துறைமுகத்தை விட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

1912 மார்ச் 1 அன்று மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட்டின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் ஒரு குமாஸ்தா சேர்ந்தார். கல்லூரித் தேர்வில் தேறாத சீனிவாச ராமானுஜன். அவருக்கு மேலே தலைமைக் கணக்கர் எஸ். நாராயண ஐயர். எல்லாருக்கும் மேலே டிரஸ்ட் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். துறைமுகத்தின் வாயிலையே கிழக்கிலிருந்து வடகிழக்குக்கு மாற்றிய இன்ஜினீயர். நாராயண ஐயர் கணிதம் அறிந்தவர். சீட்டில் உட்கார்ந்து வேறு கணக்குப் போடுகிறாயா என்று ஒரு மெமோ கொடுத்திருக்கலாம், அதற்கு அவருக்கு உரிமையும் இருந்தது. அவரோ ஆபீஸ் நேரம் முடிந்த பிறகு ஸ்லேட்டும் கையுமாக ராமானுஜனோடு உட்கார்ந்தார். நடுவிலுள்ள படிகளை ராமானுஜன் தாண்டிப் போகும்போதெல்லாம் நிறுத்தி, மற்றவர்களுக்கும் புரியும்படி விரித்து எழுதச் சொன்னார்.

ஸ்பிரிங் பாலமும் துறைமுகமும் கட்டியவர். அந்தக் கணிதத்தை எடைபோட அவருக்கு நாராயண ஐயரின் சொல் வேண்டியிருந்தது. அதை நம்பினார். நம்பியபின் தன் நாற்காலியின் பலத்தை எடுத்துச் செலவழித்தார். 1913 பிப்ரவரியில் வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னை வந்தபோது அவரிடம் ராமானுஜனின் கணக்குகளைக் காட்டினார். வாக்கர் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். மே மாதம் முதல் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது, போர்ட் டிரஸ்ட் விடுப்பும் கொடுத்தது. பிறகு ராமானுஜன் கணித ஆராய்ச்சிக்காகக் கேம்பிரிட்ஜ் போகப் பணம் தேவைப்பட்டபோது ஸ்பிரிங் கவர்னரின் செயலாளருக்கே கடிதம் எழுதினார். 1914 மார்ச் 17 அன்று குமாஸ்தா கப்பல் ஏறினார்.

நாராயண ஐயரால் உதவித்தொகை கொடுக்க முடியாது. ஸ்பிரிங்கால் கணக்கைத் திருத்த முடியாது. கணக்குப் பிரிவில் இருந்த மதிப்பும் தலைவரின் அறையில் இருந்த அதிகாரமும் சேர்ந்தபோதுதான் காரியம் நடந்தது. உங்கள் லைனில் ராமானுஜன் இருக்க வேண்டுமென்று இல்லை. டிராயிங்கை விரித்ததும் தப்பைச் சுட்டிக்காட்டுகிற அப்பரண்டிஸ் பெண் ஒருத்தி இருப்பாள். அவளை டிரெய்னிங்குக்கு அனுப்ப உங்கள் கையெழுத்து போதும். அதைப் போடுங்கள். பதவிக்கு இதைவிடச் சிறந்த உபயோகம் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

4. உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் நல்ல பெயரைப் பற்றி யோசிக்காதீர்கள். தொங்குகிற லோடுக்குக் கீழே ஆள் நின்றாலும், பெர்மிட் இல்லாமல் டேங்கில் இறங்கினாலும், பெல்ட் போடாமல் சாரத்தில் ஏறினாலும் அங்கே அண்ணன் தம்பி கிடையாது. பதவியை முழுசாக எடுத்து, வேலையை நிறுத்துங்கள். காரணத்தைக் கீழே இறங்கி வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம். அதே மாதிரி, கடைநிலை ஆள் “சார், வாடை வருது” என்றாலும் நிறுத்துங்கள். போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தியபோது, ஆபத்தான வேலையில் இருக்கும் தொழிலாளிக்கு எச்சரிக்கும் உரிமையைச் சட்டத்திலேயே எழுதினார்கள். ஆனால் போன தடவை வாய் திறந்ததற்கு நீங்கள் அவரைக் கடிந்திருந்தால், அந்த உரிமை ஏட்டில்தான் இருக்கும்.

5. கான்ட்ராக்ட் ஆட்களின் பெயரைக் கற்றுக்கொள்ளுங்கள். ‘ஏ, பீகாரி’ என்று ஒரு முறைகூடக் கூப்பிடாதீர்கள். இதற்கு விளக்கம் வேண்டாம்.

6. உங்கள் செல்வாக்கு உங்கள் ஊர், உங்கள் தெரு, உங்கள் சாதிக்காரர்களோடு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 1918 ஏப்ரலில் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது அதை முன்னின்று நடத்தியவர்கள் வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு. அந்தத் தொழிலாளர்கள் வேலை பார்த்த பக்கிங்ஹாம் கர்நாட்டிக் மில்லில் இவர்கள் யாருக்கும் பதவி இல்லை. ஆயினும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் இவர்கள் சொல் கேட்டார்கள். அப்பேர்ப்பட்ட சங்கமே 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர், மற்ற சாதித் தொழிலாளர் என்று இரண்டாகப் பிளந்தது. புளியந்தோப்பில் கலவரம் நடந்து வீடுகள் எரிந்தன, போலீஸ் சுட்டது, போராட்டம் தோற்றது. நூறு வருஷம் கழித்தும் ஓ.டி. லிஸ்ட் போடும்போது நம்ம ஆள் என்று கை போகிறது. அந்தக் கையை அடக்குங்கள். லிஸ்ட்டை போர்டில் ஒட்டுங்கள்.

7. புரொடக்‌ஷன் குறைந்தால் மேனேஜர் ரூமில் “என் ஷிப்ட், என் பொறுப்பு” என்று சொல்லுங்கள். கூடினால் யார் செய்தார்களோ அவர்கள் பெயரைச் சொல்லுங்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்பவர்களுக்குக் கேட்காது என்று நினைக்காதீர்கள்.

8. சத்தம் போட்டு வேலை வாங்குகிறவரைப் பார்த்து மயங்க வேண்டாம். அவர் இருக்கும்வரை லைன் ஓடும். அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் போய்ப் பாருங்கள்.

9. நாளைக்கு ஏ ஷிப்ட் என்றால் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னாலேயே உள்ளே போங்கள். சி ஷிப்ட் முடித்துக் கண் எரிய நிற்கிற ஆபரேட்டரிடம் லாக் புக்கை வாங்குவதற்கு முன்னால், ராத்திரி எப்படிப் போச்சு என்று கேளுங்கள். முதல் சில நாள், “ஒண்ணும் இல்ல சார், எழுதியிருக்கு” என்பார். விடாமல் கேளுங்கள். என்றைக்காவது ஒருநாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, எழுதாமல் விட்டதைச் சொல்ல ஆரம்பிப்பார். அவர் பஸ் போய்விடக் கூடாது, அதனால் கூடவே கேட் வரைக்கும் நடந்து கேளுங்கள்.