கணிப்பொறி கண் திறவாதபோது: தொடக்க ஏற்றியும் அதனைச் செப்பனிடும் முறையும்

மும்பை நகரத்துச் சயான் பகுதியை மராத்தி மொழியில் 'சீவ்' என்று வழங்குவர். எல்லை என்பது அச்சொல்லின் பொருள். பழைய பம்பாய்த் தீவு முடிவுற்று, சதுப்பு நிலத்துக்கு அப்பால் சால்செட் தீவு தொடங்கிய இடம் அது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் எழுப்பிய காவற்கோட்டை இன்றும் அங்குள்ள குன்றின்மேல் காணப்படுகிறது. ஜோனதன் டங்கன் பம்பாயின் ஆளுநராக இருந்த காலத்தில் (1795–1811), சயானையும் எதிர்க்கரையிலுள்ள குர்லாவையும் இணைத்துச் சதுப்பின் குறுக்கே ஒரு கரைப்பாதை அமைக்கப்பட்டது. அத்தகைய பாதை ஓரிடத்தில் அறுந்தால் போக்குவரத்து நின்றுவிடும். ஆயினும் இருபுறத்து ஊர்களுக்கும் அதனால் அழிவு நேர்வதில்லை. அறுந்த இடத்தைக் கண்டு மண்ணிட்டு நிரப்பினால் போதும்.

கணிப்பொறியினுள்ளும் இத்தகைய கரைப்பாதை ஒன்று உண்டு. மின்விசையை அழுத்திய கணத்துக்கும், இயங்குதளம் திரையில் தோன்றும் கணத்துக்கும் இடையே அது அமைந்துள்ளது. அதற்குத் தொடக்க ஏற்றி, அதாவது பூட்லோடர், என்று பெயர். லினக்ஸ் இயங்குதளம் கொண்ட கணிப்பொறி ஒருநாள் திடீரெனத் தொடங்க மறுப்பதற்குப் பெரும்பாலும் இப்பாதையில் நேர்ந்த சிறு முறிவே காரணமாகும். அம்முறிவை எவ்வாறு கண்டறிவது, எவ்வாறு செப்பனிடுவது என்பதே இப்பாடத்தின் பொருள்.

ஓர் இல்லத்தின் இடர்

2020ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் காலை 10 மணியளவில் மும்பை, தாணே, நவி மும்பை ஆகிய இடங்களில் மின்சாரம் ஒருங்கே தடைப்பட்டது. புறநகர் ரயில்கள் நின்றன. அன்றைய பல்கலைக்கழகத் தேர்வுகள் தள்ளிவைக்கப்பட்டன. பெருந்தொற்றுக் காலமாதலால் கல்வி முழுவதும் வீட்டுக் கணிப்பொறிகளையே நம்பியிருந்தது. அத்தகைய வேளையில் சயானில் ஒரு சிறு வீட்டைக் கற்பனை செய்து பார்ப்போம். குடும்பத்துக்கு இருப்பது ஒரே கணிப்பொறி. அதில் மகளின் கல்லூரி ஆய்வேடும், தந்தையின் தையற்கடைக் கணக்கும், மறைந்த பாட்டியின் புகைப்படங்களும் உள்ளன. இயங்குதளம் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்த நேரத்தில் மின்சாரம் நின்றது. மீண்டும் மின்சாரம் வந்தபோது கருந்திரையில் ஒரே ஒரு வரி மட்டும் தோன்றியது. அருகிலுள்ள பழுது பார்ப்பவர், "வட்டை ஃபார்மேட் செய்துவிட்டால் சரியாகிவிடும்" என்கிறார்.

ஃபார்மேட் செய்து இயங்குதளத்தை மீண்டும் நிறுவினால் கணிப்பொறி தொடங்கும் என்பது உண்மையே. ஆனால் ஆய்வேடும் கணக்கும் புகைப்படங்களும் அத்துடன் போய்விடும். கரைப்பாதை அறுந்ததற்காக ஊரையே இடித்துக் கட்டுவதற்கு ஒப்பானது இது. ஆதலால் இவ்வகைப் பழுதில் முதலில் அறிய வேண்டிய உண்மை ஒன்றே: தொடக்க ஏற்றி கெட்டது என்பதனால் கோப்புகள் அழிந்தன என்று பொருளாகாது.

'பூட்' என்னும் பெயர்

ஒருவர் தம் காலணியின் வாரைத் தாமே பற்றித் தம்மை மேலே தூக்கிக்கொள்வது இயலாத செயல். கணிப்பொறியின் தொடக்கமும் இதே புதிரைக் கொண்டது. நிரல் ஒன்றை நினைவகத்தில் ஏற்றுவதற்கு மற்றொரு நிரல் வேண்டும்; அதனை ஏற்றுவது யார்? காலணியைக் குறிக்கும் 'பூட்' என்னும் ஆங்கிலச் சொல் கணிப்பொறித் துறைக்கு வந்தது இப்புதிரினாலேயே.

மும்பையிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் ஆர். நரசிம்மன் தலைமையிலான குழுவினர் உருவாக்கிய 'டிஃப்ராக்' கணிப்பொறி 1960இல் இயங்கத் தொடங்கியது. அக்காலத்துக் கணிப்பொறிகள் பலவற்றில், இயக்குபவர் சில கட்டளைகளைக் கையினால் விசைகள் மூலம் உட்செலுத்துவார். அச்சிறு கட்டளைகள் துளையிட்ட காகித நாடாவிலிருந்து அடுத்த பெரிய நிரலைப் படித்துக்கொள்ளும். அன்று மனிதக் கை செய்த பணியையே இன்று தொடக்க ஏற்றி செய்கிறது.

சங்கிலியின் ஐந்து கண்ணிகள்

முதலாவது கண்ணி, கணிப்பொறியின் தாய்ப்பலகையில் பதிந்துள்ள நிலைபொருள். பழைய கணிப்பொறிகளில் இது பயாஸ் எனப்படும், புதியவற்றில் யூ.இ.எஃப்.ஐ. எனப்படும். மின்சாரம் வந்ததும் இது உறுப்புகளைச் சோதித்துவிட்டு, வட்டினை நாடும்.

இரண்டாவது கண்ணி, ஏற்றியின் முதற்பகுதி. பயாஸ் முறையில் வட்டின் முதற்கூறாகிய 512 பைட்டுகள் மட்டுமே படிக்கப்படும். அவற்றுள் 446 பைட்டுகள் ஏற்றிக்கும், 64 பைட்டுகள் வட்டின் பிரிவுகளைக் குறிக்கும் அட்டவணைக்கும், எஞ்சிய 2 பைட்டுகள் அடையாள முத்திரைக்கும் உரியவை. யூ.இ.எஃப்.ஐ. முறையிலோ, இதற்கென ஒதுக்கிய சிறு பிரிவில் ஏற்றி ஒரு கோப்பாகவே வைக்கப்பட்டிருக்கும். அக்கோப்பின் முகவரி தாய்ப்பலகையின் நினைவில் குறிக்கப்பட்டிருக்கும்.

மூன்றாவது கண்ணி, ஏற்றியின் பெரும்பகுதி. லினக்ஸ் கணிப்பொறிகளில் பெரிதும் வழங்குவது 'கிரப்' என்னும் ஏற்றியாகும். 446 பைட்டுகளில் அடங்காத தன் துணைக்கோப்புகளையும் பட்டியலையும் அது லினக்ஸ் பிரிவில் 'பூட்' என்னும் அடைவினுள் வைத்துள்ளது. நான்காவது கண்ணி, இயங்குதளத்தின் கருவாகிய கெர்னலும், அதனுடன் ஏற்றப்படும் தொடக்கத் துணைக்கோப்பும். ஐந்தாவது கண்ணி, பயனாளரின் கோப்புகள் உள்ள மூலப்பிரிவு.

இவற்றுள் ஏதேனும் ஒரு கண்ணி விடுபட்டாலும் கணிப்பொறி தொடங்காது. ஆனால் எந்தக் கண்ணி விடுபட்டது என்பதைத் திரையே தெரிவித்துவிடுகிறது.

திரையைப் படித்தல்

தொடங்கத்தக்க சாதனம் இல்லை என்று திரை அறிவித்தால், நிலைபொருளுக்கு ஏற்றி கிட்டவில்லை என்று கொள்ளவேண்டும். நிலைபொருளின் அமைப்புத் திரையைத் திறந்து, வட்டின் பெயர் அங்கே காணப்படுகிறதா என்று பார்க்கவேண்டும். காணப்படாவிடின் பழுது வட்டிலோ, அதன் இணைப்பு வடத்திலோ உள்ளது. நிரல்களால் அதனைத் தீர்க்க இயலாது. வட்டு காணப்பட்டால், தொடக்க வரிசை மாறியுள்ளதா என்று நோக்கவேண்டும். தாய்ப்பலகையிலுள்ள 3 வோல்ட் பொத்தான் மின்கலம் தீர்ந்துவிட்டால் இவ்வமைப்புகள் மாறிவிடுவதுண்டு.

'கிரப் ரெஸ்க்யூ' என்னும் சொற்கள் தோன்றினால், இரண்டாவது கண்ணி வந்துவிட்டது. மூன்றாவது கண்ணியின் அடைவை அது காணாமல் தவிக்கிறது. வட்டின் பிரிவுகளை அழித்தோ, சுருக்கியோ, வரிசை மாற்றியோ அமைத்த பின்னர் இது நிகழும். வெறுமனே 'கிரப்' என்று மட்டும் தோன்றினால், துணைக்கோப்புகள் கிடைத்தன, பட்டியல் மட்டும் கிடைக்கவில்லை என்பது பொருள்.

பட்டியல் தோன்றிய பிறகு 'கெர்னல் பேனிக்' என்னும் செய்தி வந்தால் நான்காவது கண்ணியில் முறிவு. புதுப்பித்தல் பாதியில் நின்றதனாலோ, பூட் பிரிவில் இடம் தீர்ந்ததனாலோ இது நேரும். பட்டியலின் மேம்பட்ட தெரிவுகளுக்குள் சென்று, பழைய கெர்னலைத் தேர்ந்தால் பெரும்பாலும் கணிப்பொறி தொடங்கிவிடும். 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று நின்றால், மூலப்பிரிவை அடைய இயலவில்லை என்று அறியலாம். மின்தடைக்குப் பின் இவ்வாறு நின்றால் அப்பிரிவின் கோப்பமைப்புக் குலைந்திருத்தல் கூடும். 'எஃப்எஸ்சிகே' என்னும் சோதனைக் கட்டளை அதற்கு உரியது.

லினக்ஸ் தோன்றாமல் நேரே விண்டோஸ் தொடங்குவதும் உண்டு. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கருவிகள் பலவற்றில் விண்டோஸுடன், சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. இவ்வாறு இரு தளங்கள் உள்ள வட்டில் விண்டோஸைப் புதிதாக நிறுவினால், அது தன் ஏற்றியை முன்வைத்துக்கொள்ளும். லினக்ஸ் பிரிவு தொடப்படாமல் அப்படியே இருக்கும்.

கைவைக்கும் முன்

செப்பனிடத் தொடங்குமுன் கோப்புகளைப் பிரதியெடுத்தல் இன்றியமையாதது. மற்றொரு கணிப்பொறியின் உதவியால், லினக்ஸை நிறுவாமலே இயக்கத்தக்க பென் டிரைவ் ஒன்றைத் தயாரித்துக்கொள்ளலாம். அதிலிருந்து கணிப்பொறியைத் தொடங்கினால், உள்வட்டின் பிரிவுகளைத் திறந்து வேண்டிய கோப்புகளை வேறொரு வட்டுக்குப் படியெடுக்க இயலும். முன்கூறிய இல்லத்தின் ஆய்வேடும் கணக்கும் இந்நிலையிலேயே பாதுகாப்பை அடைந்துவிடும். வட்டிலிருந்து வழக்கத்துக்கு மாறான ஒலி எழுந்தாலோ, படிப்பதில் பிழைகள் தோன்றினாலோ, படியெடுப்பதைத் தவிர வேறு எதையும் அவ்வட்டில் செய்தலாகாது.

தற்காலிகச் செப்பம்

'கிரப் ரெஸ்க்யூ' நிலையில் நான்கு படிகள் போதும். 'எல்எஸ்' என்னும் கட்டளை வட்டுகளையும் பிரிவுகளையும் காட்டும். வட்டுகள் 0 முதலாகவும், பிரிவுகள் 1 முதலாகவும் எண்ணப்படும் என்பதை மறத்தலாகாது. ஒவ்வொரு பிரிவாகச் சோதித்து, பூட் அடைவு உள்ள பிரிவைக் கண்டுபிடிக்கவேண்டும். பின்னர் 'செட்' கட்டளையால் 'ரூட்' என்பதற்கு அப்பிரிவின் பெயரையும், 'பிரிஃபிக்ஸ்' என்பதற்கு அப்பிரிவிலுள்ள கிரப் அடைவின் முழு வழியையும் குறிக்கவேண்டும். மூன்றாவதாக 'இன்ஸ்மாட் நார்மல்' என்றும், நான்காவதாக 'நார்மல்' என்றும் எழுதினால் வழக்கமான பட்டியல் தோன்றும். இது அம்முறைக்கு மட்டுமே பயன்படும். கணிப்பொறியை நிறுத்தினால் பழுது மீண்டும் வரும்.

நிலையான செப்பம்

மேற்கூறியவாறு லினக்ஸ் தொடங்கிவிட்டால், 'கிரப்-இன்ஸ்டால்' என்னும் கட்டளை ஏற்றியை மீண்டும் பதிக்கும். 'அப்டேட்-கிரப்' என்னும் கட்டளை பட்டியலைப் புதிதாக எழுதும். டெபியன், உபுண்டு, பாஸ் ஆகியவற்றுக்கு இக்கட்டளைகள் பொருந்தும்.

தொடங்காவிடின் பென் டிரைவிலிருந்தே இதனைச் செய்யலாம். முதலில் 'எல்எஸ்பிஎல்கே' கட்டளையால் உள்வட்டு எது, பென் டிரைவ் எது என்று அளவைக்கொண்டு பிரித்தறிய வேண்டும். லினக்ஸ் மூலப்பிரிவை ஓர் அடைவில் இணைக்கவேண்டும். பூட்டுக்கெனத் தனிப்பிரிவு இருந்தால் அதனையும், யூ.இ.எஃப்.ஐ. பிரிவு இருந்தால் அதனையும் உரிய இடத்தில் இணைக்கவேண்டும். 'டெவ்', 'ப்ராக்', 'சிஸ்' ஆகிய மூன்று அடைவுகளையும் அவற்றின் உள்ளடைவுகளோடு சேர்க்கவேண்டும். பின்னர் 'சிஎச்ரூட்' கட்டளையால் அவ்வடைவினுள் புகுந்தால், பழைய இயங்குதளத்தினுள்ளேயே இருந்து பணியாற்றும் நிலை உண்டாகும். அங்கிருந்து முற்கூறிய இரு கட்டளைகளையும் தரவேண்டும்.

இங்கே நேரும் தவறுகள் இரண்டு. பயாஸ் முறையில் ஏற்றியை முழு வட்டின் பெயருக்குப் பதிக்காமல் பிரிவின் பெயருக்குப் பதித்தல் ஒன்று. யூ.இ.எஃப்.ஐ. முறையில் நிறுவிய லினக்ஸைச் செப்பனிட, பென் டிரைவைப் பயாஸ் முறையில் தொடங்குதல் மற்றொன்று. நிறுவிய முறையும் செப்பனிடும் முறையும் ஒன்றாக இருத்தல் வேண்டும்.

வருமுன் காத்தல்

புதுப்பித்தல் நடைபெறும்போது மின்தடை நேராதிருக்க, மேசைக் கணிப்பொறிக்கு யூ.பி.எஸ். சாதனம் பொருத்துதல் நலம். பழைய கெர்னல் ஒன்றையேனும் அழிக்காமல் வைத்திருக்கவேண்டும். தொடங்கத்தக்க பென் டிரைவ் ஒன்றும், கோப்புகளின் பிரதி ஒன்றும் எப்போதும் கைவசம் இருத்தல் வேண்டும். இவை இருப்பின், கருந்திரையைக் கண்டு எவரும் அஞ்ச வேண்டியதில்லை. அவசரத்தில் ஃபார்மேட் செய்ய ஒப்புக்கொள்ள வேண்டியதுமில்லை. திரையிலுள்ள வரியை எழுதிவைத்துக்கொண்டு, விடுபட்ட கண்ணியைத் தேடினால் போதும்.

பயிற்சி வினாக்கள்

1. வட்டின் முதல் 512 பைட்டுகள் எவ்வாறு பங்கிடப்பட்டுள்ளன?
2. 'கிரப் ரெஸ்க்யூ' என்பதும் 'கெர்னல் பேனிக்' என்பதும் எந்தெந்தக் கண்ணியின் முறிவைக் காட்டுகின்றன?
3. நிலைபொருளின் அமைப்புத் திரையில் வட்டின் பெயரே காணப்படாவிடின், ஏற்றியை மீண்டும் பதிப்பதால் பயன் உண்டா? காரணம் கூறுக.
4. செப்பனிடுமுன் கோப்புகளைப் பிரதியெடுக்கும் முறையை விளக்குக.