இரண்டாவது தட்டு

கேள்வி: மட்டாஞ்சேரியில் கடை வைத்திருக்கிறேன். கொச்சி பியென்னாலே கலைக்கண்காட்சி நடந்த சமயத்தில் பழைய பண்டகசாலை ஒன்றில் இசை நிகழ்ச்சி என்று மகன் அழைத்துப் போனான். மேடையில் ஒரே ஆள். முன்னால் ஒரு மேஜை, அதன்மேல் இரண்டு மூன்று பெட்டிகள், ஒரு லேப்டாப். அரை மணி நேரம் கண் எடுக்காமல் பார்த்தேன். பாதி நேரம் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டே நின்றார். கை மேலே இருக்கும்போது வாசிப்பது யார்? இது எங்கே தொடங்கிய பழக்கம்?
— ஒரு வாசகர், மட்டாஞ்சேரி

பதில்: கை மேலே இருக்கும்போது யாரும் வாசிப்பதில்லை. பாட்டு தானாக ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் வேலை செய்வது கை இறங்கியிருக்கும் நேரத்தில்தான். ஆனால் அப்போது யாரும் அவரைப் பார்ப்பதில்லை, எல்லோரும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

இது புரிய நம் ஊர் மைக் செட்காரரிடமிருந்து தொடங்க வேண்டும். பந்தலுக்குப் பின்னால் ஒரு மேஜை, ஒரு ரெக்கார்டு பிளேயர், ஓர் ஆம்ப்ளிஃபயர், தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர். பிள்ளையார் பாட்டில் ஆரம்பிப்பார். மாப்பிள்ளை அழைப்புக்கு எது, பந்தி நடக்கும்போது எது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அவரிடம் இருந்தது ஒரே பிளேயர். ஒரு பாட்டு முடிந்து, அடுத்த இசைத்தட்டை உறையிலிருந்து உருவி, வேட்டி நுனியால் துடைத்து, முள்ளை வைக்கும்வரை ஊரே அமைதியாகிவிடும். அந்த இடைவெளியில் குழந்தை அழுவதும் சமையல்காரர் யாரையோ திட்டுவதும் தெளிவாகக் கேட்கும். கல்யாண வீட்டில் அதனால் நஷ்டமில்லை. ஆடும் கூட்டத்துக்கு அது ஆகாது. கால் ஒருமுறை நின்றால் ஆள் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்; போனவர் திரும்புவார் என்று சொல்ல முடியாது.

டிஜே என்ற தொழிலே அந்த இடைவெளியை ஒழிக்கப் பிறந்ததுதான். அதற்கு வேண்டியது இரண்டாவது தட்டு.

1960களின் கடைசியில் நியூயார்க்கில் ஒரு பழைய ஜெர்மன் பாப்டிஸ்ட் தேவாலயம் ‘சாங்சுவரி’ என்ற நடனக் கூடமாக மாறியது. அங்கே பாட்டுப் போட்டவர் பிரான்சிஸ் கிராஸோ. ஒரு தட்டில் பாட்டு ஓடும்போதே, அடுத்த பாட்டை இரண்டாவது தட்டில் வைத்து, ஹெட்போனில் தனக்கு மட்டும் கேட்டுக்கொள்வார். இசைத்தட்டை விரலால் பிடித்து நிறுத்திவிடுவார். நடுவே ஃபெல்ட் துணி இருப்பதால் அடியில் மோட்டார் சுழன்றுகொண்டே இருக்கும். முதல் பாட்டின் சரியான அடி விழும் நொடியில் விரலை எடுப்பார். கூட்டத்துக்குப் பாட்டு மாறியதே தெரியாது.

பிறகு கருவிகளும் இந்த வேலைக்கு ஏற்ப மாறின. 1972இல் டெக்னிக்ஸ் நிறுவனத்தின் எஸ்.எல்.1200 வந்தது. அதில் பெல்ட் கிடையாது. மோட்டாரே நேராகத் தட்டைச் சுழற்றும், அதனால் விரல் வைத்தாலும் வேகம் தளராது. 1979 மாடலில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் மேலும் கீழும் தள்ளும் ஸ்லைடர் சேர்ந்தது. இதற்கு நடுவில், 1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்க்ஸ் பகுதியில் தங்கை வைத்த விருந்தில் பாட்டுப் போட்டார் ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் சில வினாடிகளை மாற்றி மாற்றி ஓட்டி நிமிடக்கணக்கில் நீட்டும் வித்தை அவருடையது. ஹிப்ஹாப் அங்கிருந்து கிளம்பியது.

நீங்கள் பண்டகசாலையில் கேட்டேன் என்கிறீர்களே, அது தற்செயலாக இருக்கலாம். ஆனால் ‘ஹவுஸ்’ என்ற இசைவகைக்குப் பெயர் வந்ததே ஒரு பண்டகசாலையிலிருந்துதான். சிகாகோவில் 1977இல் திறந்த கிளப்பின் பெயர் ‘வேர்ஹவுஸ்’. அங்கே பாட்டுப் போட்டவர் பிராங்கி நக்கிள்ஸ். அந்தக் கிளப்பில் போடுகிற மாதிரிப் பாட்டு வேண்டும் என்று இசைத்தட்டுக் கடைகளில் கேட்டவர்கள் பெயரின் முன்பாதியை விட்டுவிட்டார்கள். மிளகும் இஞ்சியும் அடுக்கிய மட்டாஞ்சேரிக் கிடங்குக்குள் அந்த இசை வந்தது ஒருவகையில் வீடு திரும்பியது மாதிரி.

இப்போது உங்கள் ஆளிடம் வருவோம். அந்தப் பெட்டிகளில் இரண்டு, இசைத்தட்டின் வாரிசுகள். முதலில் சிடி போட்டார்கள், இப்போது பென் டிரைவ் சொருகுகிறார்கள். நடுவில் இருப்பது மிக்ஸர். ஓடும் பாட்டு நிமிடத்துக்கு 126 அடி என்றால், அடுத்து வரப்போவது 128ஆக இருக்கலாம். ஹெட்போனின் ஒரு பக்கத்தை மட்டும் காதில் வைத்து இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவருகிறார். முப்பத்திரண்டு அடிகளை ஒரு பத்தியாக எண்ணி, பத்தி முடியும் இடத்தில் இரண்டாவதைத் திறக்கிறார். இரண்டு பாட்டின் பேஸும் ஒரே சமயம் ஒலித்தால் சேறு மாதிரிக் குழம்பிவிடும். ஆகவே ஒன்றின் பேஸை முழுக்க இறக்கிவிட்டு மற்றதன் பேஸை ஏற்றுகிறார். நெஞ்சில் ‘தொம்’ என்று விழுந்ததே, அது அந்தக் குமிழ் திரும்பிய இடம். அதன்பின் ஒரு நிமிடமோ இரண்டோ அவருக்கு வேலை இல்லை. கை மேலே போகிறது.

வேகத்தைச் சமப்படுத்த இப்போது ‘சிங்க்’ என்று ஒரு பட்டனே இருக்கிறது. அதை அமுக்குபவர் டிஜேவா என்று அவர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. சுருதிப்பெட்டி மின்சாரத்தில் ஓடுவதால் கச்சேரி பொய்யாகிவிடுவதில்லை.

இன்னொரு வகையும் உண்டு, அதை ‘லைவ் செட்’ என்பார்கள். இதில் இசையமைத்தவரே தன் பாட்டைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொண்டுவருகிறார்: டிரம்ஸ் தனி, பேஸ் தனி, குரல் தனி. ஒவ்வொரு துண்டும் ஒளிரும் சதுரப் பட்டன் ஒன்றில் காத்திருக்கும். இதற்குப் பலரும் பயன்படுத்தும் மென்பொருள் 2001இல் பெர்லினில் வெளியான ஏபிள்டன் லைவ். உருவாக்கியவர்களில் கெர்ஹார்ட் பேலஸும் ராபர்ட் ஹென்கேயும் தாங்களே மேடையில் இசைத்தவர்கள். தங்களுக்கு வேண்டியதைத்தான் செய்துகொண்டார்கள். அதில் ஒரு நயம் உண்டு. பட்டனை எப்போது அமுக்கினாலும் துண்டு உடனே ஒலிக்காது. அடுத்த ஆவர்த்தனத்தின் சமம் வரும்வரை காத்திருந்து, சமத்தில் எடுக்கும். மிருதங்கக்காரருக்குப் பல வருடப் பயிற்சியில் வருவதை மென்பொருள் முதல் நாளே கொடுத்துவிடுகிறது. எதை எடுப்பது, எதை அடக்குவது என்ற முடிவை மட்டும் அது கொடுப்பதில்லை.

பெரிய திருவிழா மேடை விஷயம் வேறு. அங்கே விளக்கு, பின்திரைக் காட்சி, வாணவேடிக்கை எல்லாம் பாட்டோடு நொடி பிசகாமல் கோக்கப்பட்டிருக்கும். மனம் போன போக்கில் பாட்டை மாற்றினால் வெடி வேறு இடத்தில் வெடிக்கும். அதனால் பாதிக்கு மேல் முன்னாலேயே முடிவானது. எலித்தலை மாட்டிக்கொண்டு ஆடவைக்கும் கனடாக்காரர் டெட்மவுஸ் 2012இல் இதைப் போட்டு உடைத்தார். எல்லோருமே ‘பிளே’ பட்டனைத்தான் அமுக்குகிறோம் என்று அவர் எழுதியதில் சக கலைஞர்கள் பலருக்குக் கோபம். உண்மையைச் சொன்னால் வரும் கோபம்தான் அது.

பண்டகசாலையில் நூறு இருநூறு பேருக்கு நடுவே நின்றவருக்கு அந்த விலங்கு இல்லை. முகங்களைப் பார்த்து அடுத்ததை மாற்றலாம். உங்கள் ஊருக்கு இது புதிதும் அல்ல. கல்யாண வீடுகளிலும் மெஹ்ஃபில்களிலும் பாடிய மெஹபூப் பாயை ஊர்ப் பெரியவர்கள் இன்னும் பேசுகிறார்கள். எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துத்தானே மெஹ்ஃபில் பாடகர் அடுத்த பாட்டை எடுக்கிறார்.

கேள்வி: இவர்களை ‘புரொடியூசர்’ என்கிறார்களே, யாருக்குப் பணம் போடுகிறார்கள்?

பதில்: யாருக்கும் இல்லை. சினிமாவில்தான் அந்தச் சொல்லுக்குப் பணப்பை. இசைத்தட்டுத் தொழிலில் ஒலிப்பதிவை முன்னின்று நடத்துபவர் புரொடியூசர். ஸ்டூடியோ முழுதும் லேப்டாப்புக்குள் சுருங்கியதும், மெட்டமைப்பவர், வாசிப்பவர், ஒலிப்பதிவாளர் எல்லோரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். சங்கடமும் அங்கேதான். மாதக்கணக்கில் கதவைச் சாத்திக்கொண்டு முடித்த வேலையை மேடையில் எப்படி ‘செய்துகாட்டுவது’? சமைத்து முடித்த பிறகு சமையலை நடித்துக் காட்டச் சொன்னால் எப்படி இருக்கும்!

கேள்வி: இந்தியாவில் இந்த மின்னிசையை முதலில் செய்தது யார்?

பதில்: ‘முதலில்’ என்ற சொல்லோடு எனக்கு ஒத்துவராது. ஆனால் இரண்டு இடங்களைச் சொல்லியே ஆக வேண்டும். 1969இல் ஆமதாபாத்தின் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் மூக் சிந்தசைசரோடு ஒரு மின்னிசைக் கூடம் அமைந்தது. நிறுவ வந்தவர் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர். கீதா சாராபாய் உள்ளிட்ட இந்தியர்கள் அங்கே ஒலிகளை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். அந்த நாடாக்கள் பல பத்தாண்டுகள் கிடப்பில் கிடந்து, 2023இல்தான் இசைத்தட்டாக வெளிவந்தன.

அடுத்தவர் பம்பாய் சினிமா இசைக்குழுக்களில் வாசித்த சரண்ஜித் சிங். 1982இல் ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று கருவிகளை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் இசைத்து ஓர் இசைத்தட்டு போட்டார். டி.ஆர்.808 தாளம் போடும், டி.பி.303 பேஸ் வரிசையை விடாமல் சுற்றும். ஜூபிடர்-8 கீபோர்டில் அவர் கையால் ராகம். பூபாளி, மால்கௌன்ஸ், யமன், கலாவதி. நம் காதுக்கு மோகனம், இந்தோளம், கல்யாணி, வலஜி. அன்று அதை யாரும் சீந்தவில்லை. 2010இல் ஒரு ஐரோப்பிய நிறுவனம் மறுபடி வெளியிட்டதும், சிகாகோவில் பின்னால் பிறந்த ‘ஆசிட் ஹவுஸ்’ இசை போலவே இருக்கிறதே என்று உலகம் வியந்தது. எழுபது வயதைத் தாண்டி ஐரோப்பிய மேடைகளில் அதே ராகங்களை வாசித்துவிட்டு, 2015இல் மறைந்தார். அவர் மேடையில் கை மேலே போக வழியில்லை. இயந்திரம் தாளத்தைப் பார்த்துக்கொண்டது, ராகத்தை அவர்தான் வாசிக்க வேண்டியிருந்தது.

கொச்சிக்கு வந்தவர்களில் மறக்கக்கூடாதவர் எம்.ஐ.ஏ., அதாவது மாதங்கி அருள்பிரகாசம். லண்டனில் பிறந்த ஈழத்தமிழர். இரவல் வாங்கிய ரோலண்ட் எம்.சி.505 என்ற ஒற்றைப் பெட்டியில் பாட்டுக் கட்டத் தொடங்கியவர். முதல் தொகுப்புக்கு அப்பா பெயர், இரண்டாவதற்கு அம்மா பெயர். அந்த இரண்டாவதில் நம் உறுமி உறுமுகிறது. 2012 டிசம்பர் 12 அன்று முதல் பியென்னாலே தொடங்கியபோது ஃபோர்ட் கொச்சி பரேடு மைதானத்தில் பாடினார். மட்டாஞ்சேரியிலிருந்து நடந்துபோகிற தூரம். உங்கள் மகனைக் கேளுங்கள், போயிருப்பான்.

கேள்வி: எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி ஏறி ஏறிப் போய், சட்டென நின்று, இடி மாதிரி இறங்குகிறதே. இந்தச் சூத்திரம் யாருடையது?

பதில்: ஏறுவதற்கு ‘பில்டப்’, இறங்குவதற்கு ‘டிராப்’. ஏற்றத்தின் கணக்கு எளிது: டிரம் அடி முதலில் ஒன்றுக்கு ஒன்று, பிறகு இரண்டு, பிறகு நான்கு என்று அதே நேரத்துக்குள் இரட்டித்துக்கொண்டே போகும். கேரளத்துக்காரருக்கு இதை நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது. பஞ்சாரி மேளத்தில் முதல் காலம் 96 அட்சரம். அடுத்தடுத்து 48, 24, 12, கடைசியில் 6. பாதி பாதியாகக் குறையக் குறைய வேகம் ஏறும். டிஜே முப்பது வினாடியில் முடிப்பதை மேளக்காரர்கள் மணிக்கணக்கில் கட்டுகிறார்கள்.

ஒரு வித்தியாசம். டிராப்புக்கு முன்னால் டிஜே ஒரு நொடி எல்லாவற்றையும் நிறுத்துகிறார். மைக் செட்காரரின் அதே பழைய இடைவெளியை இப்போது வேண்டுமென்றே வைக்கிறார். செண்டை அப்படி நிற்பதில்லை. திருச்சூர் பூரத்தில் இலஞ்ஞித்தறை மேளம் உச்சத்துக்குப் போகும்போதும் ஆயிரக்கணக்கான கைகள் மேலே எழும்பும். ஆனால் அவை கேட்பவர்களின் கைகள். கொட்டுபவர்களின் கைக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஓய்வே கிடையாது.