ஔலியில் பனிச்சறுக்கு: ஒரு பயணத் திட்டம்

நம் ஊரில் பனி என்றால் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளிதான். காலில் நீண்ட பலகைகளைக் கட்டிக்கொண்டு வெண்பனிச் சரிவில் வழுக்கி விளையாடும் பனிச்சறுக்கு, செல்வந்தர்க்கே உரியது என்று நானும் எண்ணியிருந்தேன். உத்தரகண்டு மாநிலம் சமோலி மாவட்டத்திலுள்ள ஔலியைப் பற்றிப் படித்த பின்னர், நாங்கள் நால்வர் அங்குச் சென்றுவரத் திட்டமிடலானோம்.

ஔலி மிகச் சிறிய இடம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,500 முதல் 3,050 மீட்டர் உயரம் வரை சரிவுகள் உள்ளன. எதிரே 7,816 மீட்டர் உயர நந்தாதேவி. 2011-இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் நடந்த இடம் இது. ஆல்ப்ஸ் மலையின் பெரிய ஊர்களில் ஒரு சரிவில் பனி குறைந்தால் இன்னொன்றுக்குப் போகலாம். ஔலியில் அந்த வசதி இல்லை. எனவே எப்போது போவது என்பதே முதற் கேள்வி.

உயரே செல்லச் செல்ல, கிலோமீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி வெப்பநிலை குறையும். கீழேயுள்ள ஜோஷிமட நகரம் சுமார் 1,890 மீட்டரில் இருக்கிறது. ஆக, அங்கு 5 டிகிரியில் மழை பெய்தால் சரிவின் உச்சியில் வெண்பனி விழும். ஆனால் மழையே பொய்த்துவிட்டால்? பனி போதாமல் போட்டிகள் தள்ளிவைக்கப்பட்ட ஆண்டுகள் உண்டு. செயற்கைப் பனி செய்ய அங்கே ஒரு குளம் வெட்டியிருக்கிறார்கள். எனினும் இரவு போதிய அளவு குளிர்ந்தால்தான் அந்த எந்திரமும் பனி பொழியும்.

பலகை வழுக்குவதேன்? உடல் எடையின் அழுத்தத்தால் பனி உருகுகிறது என்று பலர் சொல்வர். கணக்கிட்டுப் பார்த்தேன். 60 கிலோ எடையுள்ளவர் வெறும் காலணியோடு நின்றால் சதுர சென்டிமீட்டருக்கு 150 கிராம் அளவு அழுத்தம். 160 செ.மீ. நீளமும் 8 செ.மீ. அகலமும் கொண்ட இரு பலகைகளின்மேல் நின்றால் 23 கிராம்தான். வளிமண்டல அழுத்தத்தில் இது நாற்பத்தைந்தில் ஒரு பங்கு. இதனால் உருகுநிலை 0.0002 டிகிரிகூடக் குறையாது! காலை அமிழவிடாமல் காப்பதே பலகையின் பரப்பு செய்யும் வேலை. வழுக்கச் செய்வது உராய்வு வெப்பத்தால் உண்டாகும் மெல்லிய நீர்ப்படலம் என்று பௌடன், ஹியூஸ் இருவரும் 1939-இல் காட்டினர். கடுங்குளிரில் இப்படலம் உண்டாகாமல் பனி மணல்போல் உரசும். வெயிலேறினால் நீர் மிகுந்து பலகையைப் பிடித்திழுக்கும். ஆகவே புதிதாகக் கற்போர் பிற்பகலை நம்பாமல் முற்பகலில் பழகுவது நலம்.

ஜனவரி முதல் மார்ச்சு வரையே பருவம். எங்கள் தேர்வுகளோ நவம்பரிலும் ஏப்ரலிலும். டிசம்பர் விடுமுறையில் பனி உறுதியில்லை. மே மாதம் போனால் புல்வெளிதான். சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயிலில் ஒன்றரை நாள், அங்கிருந்து ரிஷிகேசம், பின்பு சுமார் 250 கிலோமீட்டர் மலைச்சாலையில் ஒரு முழுப்பகல் பேருந்து. கார்வால் மண்டல் விகாஸ் நிகாம் என்னும் அரசு நிறுவனம் 7 நாள், 14 நாள் பயிற்சிகள் நடத்திவந்துள்ளது. குறுகிய பயிற்சியைக் கொண்டாலும் போக வர இரு வாரங்கள் வேண்டும். பொங்கல் விடுமுறையைச் சேர்த்தாலும் எட்டு வேலை நாட்கள் துண்டு விழுகின்றன. எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். செலவுக் கணக்கைவிட, "பாடம் போகுமே" என்ற அம்மாவின் கேள்விக்குத்தான் விடை சொல்லக் கடினமாயிருக்கிறது.

ஜோஷிமடத்திலிருந்து ஔலிக்குச் சென்ற கம்பிவடப் பாதையை நம்பித் திட்டமிடலாகாது. 2023 ஜனவரியில் நகரின் நிலம் அமிழ்ந்து நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல் கண்டபோது அது நிறுத்தப்பட்டது. பழைய நிலச்சரிவு மண்மேல் நகரம் அமைந்துள்ளதென்று மிஸ்ரா குழு 1976-லேயே எச்சரித்திருந்தது. விரிசல் கண்ட ஊருக்கு விளையாடப் போவது முறையா என்று எங்களுள் ஒருவன் கேட்டான். வருவோரை நம்பி அங்குப் பல குடும்பங்கள் பிழைக்கின்றனவே என்றான் மற்றொருவன். அன்று மாலை முழுதும் விவாதம் முடியவில்லை. தனி வண்டி வேண்டாம், பொதுப்பேருந்திலேயே போவோம் என்பதில் மட்டும் நால்வரும் ஒன்றுபட்டோம்.

பலகையும் காலணியும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். கொண்டுபோக வேண்டியவை கம்பளி உடையும் கறுப்புக் கண்ணாடியும். புதுப்பனி புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதியைத் திருப்பி வீசுவதால் கண் கூசுவதோடு நில்லாது, புண்ணாகவும் கூடும். பருத்தி உடை வியர்வையில் நனைந்து உடலைக் குளிர்விக்கும்.

பனியே இல்லாவிட்டால் மேலேயுள்ள கோர்சன் புல்வெளிக்கு நடக்கலாம். குளிர்காலத்தில் பத்ரிநாதர் வழிபாடு நடைபெறும் நரசிம்மர் கோயில் ஜோஷிமடத்தில்தான் இருக்கிறது. திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி இத்தலமே என்பர். பாட்டி கேட்டதும், "அப்படியானால் போய் வா" என்று சொல்லிவிட்டாள். துறைத்தலைவரிடம் விடுப்பு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.